கட்டியின் பேரில் ஒரு மன்னிப்பு

ஜனவரி 9

இன்று காலை ஆறரை மணிக்கு எதிர்வீட்டுக்குள் போய், அவர்களுடைய சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, உப்புமாவில் உப்பில்லை என்று சத்தம் போட்டிருக்கிறேனாம். எனக்கு எதுவும் நினைவில்லை. நினைவில்லாத ஒன்றை வரலாற்றுப் பேராசிரியன் எளிதில் ஒப்புக்கொள்ளக் கூடாது. ஆனால் நேரில் பார்த்த சாட்சிகள் மூன்று பேர் இருக்கிறார்கள். அதில் ஒருவர் ஓய்வுபெற்ற ஓவர்சியர்.

என் மனைவி செண்பகம் ஓடிவந்து, கருப்பட்டிக் காபியை அங்கேயே என் வாயில் புகட்டினாளாம். பத்து நிமிடத்தில் தெளிந்தேன். கண் திறந்தபோது பிறர் வீட்டுக் கரண்டி என் கையில் இருந்தது.

"சார் சொன்னதுல தப்பில்ல. உப்பு கம்மிதான்" என்றார் ஓவர்சியர். அவர் மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

ஜனவரி 11

டாக்டர் விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை முப்பத்தெட்டு.

"இந்த அளவுல நீங்க பேசுறதே அதிசயம் சார்."

"பேசாம இருந்தாத்தான் டாக்டர் அதிசயம்" என்றாள் செண்பகம்.

சென்னைக்குப் போகச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார். எனக்குச் சென்னை பிடிக்காது. என் கட்டுரையை ஒரு கருத்தரங்கில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்த ஊர் அது.

பிப்ரவரி 4

டாக்டர் ரெஹானா அறுவை சிகிச்சை நிபுணர். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் மீன் மாதிரி ஒன்று வரைந்தார். அது என் கணையமாம். வால் பக்கம் நாலு சென்டிமீட்டரில் ஒரு கட்டி. பக்கத்தில் பெரிதாகக் கல்லீரல் வரைந்து அதில் ஏழு புள்ளி வைத்தார். வாலில் இருந்தது அங்கே ஏழு கிளை திறந்திருக்கிறது.

"புற்றுநோய்தானே?"

"ஆமா சார். ஆனா கணையத்துல பொதுவா வர்ற அந்த வேகமான ரகம் இல்ல. இது மெதுவா போற ரகம். உங்க கட்டி நேரங்காலம் பாக்காம இன்சுலின் ஊத்துது. அதனால சர்க்கரை விழுது. விழுந்தா குழப்பம், கோபம், சம்பந்தமில்லாத பேச்சு எல்லாம் வரும்."

"எத்தன வருஷமா இருக்கும் டாக்டர்?" என்று செண்பகம் கேட்டாள்.

"அஞ்சாறு வருஷம் இருக்கலாம்மா."

செண்பகம் விரல் விட்டு எண்ணினாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. எங்கள் மகள் காந்திமதி இதே சென்னையில்தான் இருக்கிறாள்.

மதி என்னோடு பேசி மூன்று வருடம் ஆகிறது. அவள் விரும்பிக் கட்டிக்கொண்ட பையன், எங்கள் கல்லூரியின் ஆவுடையப்பனுடைய மகன். பணிமூப்பில் என்னைவிட நாலு மாதம் இளையவராக இருந்தும் துறைத்தலைவர் ஆகி, பிறகு முதல்வரும் ஆன ஆவுடையப்பன். கல்யாண வரவேற்பில் நான் மைக்கைப் பிடித்து நாலு நிமிடம் பேசினேன். மணமகனின் தகப்பனாருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டில் நாலாவது அத்தியாயம் ஒரு மாணவனிடமிருந்து திருடியது என்று அறுநூறு பேர் முன்னால் சொன்னேன். மதி மாலையைக் கழற்றாமலே மேடையிலிருந்து இறங்கிப் போனாள்.

அன்று என் உடம்பு எப்படி இருந்தது என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

பிப்ரவரி 6

என்னைப் பற்றி ஐந்து டாக்டர்கள் கூடிப் பேசினார்கள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். கதவைச் சரியாகச் சாத்தவில்லை.

டாக்டர் ரெஹானா உடனே வெட்ட வேண்டும் என்றார். டாக்டர் ஜெபசிங் கதிரியக்க மருத்துவர். ஏழு புள்ளி இருக்கும்போது வெட்டி என்ன பயன், முதலில் மருந்து ஏற்றிச் சுருக்குவோம் என்றார். இன்னொருவர் சர்க்கரையை நிறுத்தாமல் எதுவும் செய்யக் கூடாது என்றார். ஒருவர் ஸ்கேனைக் காட்டினார். அரைமணி நேரத்தில் முடிவாகிவிட்டது. முதலில் மாத்திரையும் மாதம் ஒரு ஊசியும். பிறகு லூட்டீஷியம் என்ற கதிரியக்க மருந்து இரண்டு தடவை. அது சுருக்கியபின் அறுவை. வெட்ட முடியாததை ஊசி நுழைத்துச் சுட்டுவிடுவது. அதற்குப்பின் இன்னும் இரண்டு தடவை லூட்டீஷியம். ஒன்று மட்டும் போதாது, எல்லாம் வரிசையாகச் சேர்ந்தால்தான் பலன் என்றார்கள்.

இருபத்தெட்டு வருடம் நான் கல்லூரி ஆசிரியர் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரெதிர்க் கருத்துள்ள ஐந்து பேர் அரைமணியில் ஒரு முடிவுக்கு வந்து, யாரும் யாரைப் பற்றியும் மொட்டைக் கடிதம் எழுதாமல் டீ குடித்ததை இன்றுதான் பார்த்தேன். இதைப் பார்க்கப் புற்றுநோய் வர வேண்டியிருந்தது.

பிப்ரவரி 21

மாத்திரையால் சர்க்கரை நிற்கிறது. கூடவே முடி வளர்கிறது. முப்பது வயதில் நான் இழந்த தலைமுடி அல்ல. காதில், நெற்றியில், முதுகில். தலை மட்டும் வழக்கம்போல வழுக்கை. என் வாழ்க்கையில் எனக்கு வரவேண்டிய எதுவும் சரியான இடத்துக்கு வந்ததில்லை.

செண்பகம் ஒரு சர்க்கரை மீட்டர் வாங்கியிருக்கிறாள். நான் கோபப்பட்டால் முதலில் விரலில் குத்துகிறாள். ஐம்பதுக்குக் கீழே என்றால் நான் சொன்னது கணக்கில் வராது. எழுபதுக்கு மேலே என்றால் பதில் சொல்கிறாள்.

மார்ச் 2

ஆவுடையப்பன் வீட்டுக்கு வந்தார். கையில் அரைக் கிலோ அல்வா. மூன்று வருடத்தில் முதல் தடவை.

"வே நம்பிராஜன், செண்பகம் எல்லாம் சொல்லிச்சு. மனச விட்ராதயும்."

"உக்காரும்."

"அன்னைக்கு மேடையில பேசினது நீரில்ல வே. உம்ம கட்டி. அது தெரியாம நாமளும் மூணு வருசமா உம்ம மேல வருத்தத்துல இருந்துட்டம். நான் எல்லாத்தயும் மறந்துட்டேன்."

அதாவது, அவர் என்னை மன்னிக்கிறார். என் இருபது வருடக் கோபத்துக்கு நான் சேர்த்து வைத்த காரணங்கள் அத்தனையும் நாலு சென்டிமீட்டர் சதையின் உளறல் ஆகிவிட்டது.

"நீரு மறக்கதுக்கு நான் மறதியால பேசல வே" என்று எழுந்தேன்.

செண்பகம் மீட்டரோடு ஓடிவந்தாள். குத்தினாள். தொண்ணூற்றி நாலு.

"தொண்ணூத்தி நாலு" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். ஆவுடையப்பனிடம் திரும்பி, "நாப்பதுண்ணே. அதான் இப்பிடி. தப்பா எடுத்துக்கிடாதீங்க" என்றாள்.

அவர் பரிதாபத்தோடு தன் கையால் ஒரு துண்டு அல்வாவை என் வாயில் வைத்தார். நல்ல அல்வா. அதையும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

மார்ச் 12

முதல் லூட்டீஷியம். கையில் ஏற்றிவிட்டு, தனி அறையில் விட்டுவிட்டார்கள். நர்ஸ் கதவருகில் நின்றே பேசுகிறார். கழிப்பறையில் இரண்டு தடவை தண்ணீர் விட வேண்டும். நான் தொட்டதெல்லாம் கதிர் வீசும். துறையில் என்னை இப்படித்தான் நடத்தினார்கள், இத்தனைக்கும் அப்போது எனக்கு மருந்து ஏற்றவில்லை.

டாக்டர் ஜெபசிங் நிதானமான மனிதர். "இந்த மருந்து ரத்தத்துல சுத்திக்கிட்டே போய், அந்தக் கட்டியோட முகவரி எங்கெல்லாம் இருக்கோ அங்க மட்டும் போய் ஒட்டிக்கிட்டு உள்ளருந்து சுடும் சார்" என்றார். குறி தப்பாமல் சுடும் ஆளை எனக்குப் பிடிக்கும்.

வெளியே போனபின் யார் யார் பக்கத்தில் வரக் கூடாது என்று ஒரு தாள் கொடுத்தார்கள். சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள். செண்பகம் கதவுக்கு அப்பால் நின்று வாசித்துவிட்டு, "அப்ப மதி வரக்கூடாது" என்றாள்.

தனக்குத்தானே சொன்னதுபோல் இருந்தது. பிறகுதான் நான் கேட்டுவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்தது.

"எத்தன மாசம்?"

"ரெண்டு முடிஞ்சு மூணு. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னா. பாக்க வாரேன்னுதான் நேத்து சொன்னா."

மூன்று வருடம் கழித்து என் மகள் என்னைப் பார்க்க வருகிறேன் என்று சொன்ன வாரத்தில் எனக்குக் கதிரியக்கம்.

மார்ச் 15

மதி போன் செய்தாள்.

"அப்பா."

"சொல்லும்மா."

"டாக்டர் ரெஹானாட்ட நானே பேசினேன். சர்க்கரை விழுந்தா என்ன பேசுதோம்னே தெரியாதாம். அன்னைக்கு என் கல்யாணத்துல பேசினது... அது நீங்க இல்லதானேப்பா?"

"ம்" என்றேன்.

மார்ச் 16

சான்றில்லாமல் ஒரு வரி எழுதினால் மாணவர்களின் கட்டுரையைச் சிவப்பு மையால் அடித்தவன் நான். "ம்".

ஏப்ரல் 10

மதி தினமும் மாலை ஆறு மணிக்குப் பேசுகிறாள். வாந்தி, புளிப்பு மாங்காய், மாப்பிள்ளைக்கு ரசம் வைக்கத் தெரியாதது. நான் ஐந்தே முக்காலுக்கே போனை மடியில் வைத்துக்கொள்கிறேன். சார்ஜ் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான்.

இன்று போன் ஸ்பீக்கரில் இருந்தது. மதி கேட்டாள். "ஏம்மா, அப்பா கத்த ஆரம்பிச்சா ஒடனே கருப்பட்டிக் காபி போடுவேன்னு முன்ன போன்ல சொன்னியே, நோய்னு ஒனக்கு முன்னயே தெரியுமா?"

"நோய்னு தெரியாதுட்டி. காபி குடிச்சா அடங்குதாவன்னு தெரியும். வருசம் ரெண்டாச்சு. காபிக்குப் போக முடியாத எடத்துக்குக் கடலமுட்டாய் வச்சிருப்பேன்."

அவள் கைப்பையில் எப்போதும் கடலைமிட்டாய் இருந்ததை, வயதான காலத்தில் தீனிப் பழக்கம் என்று நான் எழுதியிருக்கிறேன். சமூக நீதி பற்றி நான் வாய் திறக்கும்போதெல்லாம் காபியை நீட்டி அவமதிக்கிறாள் என்றும் எழுதியிருக்கிறேன். சென்ற வருட நாட்குறிப்பில் பதினேழு இடங்களில். எண்ணினேன்.

மே 8

இரண்டாவது லூட்டீஷியம் நேற்று முடிந்தது. டாக்டர் ஜெபசிங்கிடம் பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

"டாக்டர், என் நண்பர் ஒருத்தர். என்னை மாதிரியே நோய். அவரு இனிப்பு நெறய சாப்ட்டுட்டு, சாப்ட்ட பத்தாவது நிமிசம் ஒரு... கருத்து சொல்லுதாரு. அது நோயால இருக்குமா?"

"என்ன இனிப்பு?"

"வச்சுக்கிடுங்க, பாயசம். மூணு கப்."

"பத்து நிமிஷத்துலயா? சர்க்கரை விழுந்திருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. பேசினது அவருக்கு ஞாபகம் இருக்கா?"

"ஒவ்வொரு வார்த்தையும்."

டாக்டர் ஜெபசிங் பேனாவை மூடினார். "அப்ப உங்க நண்பர் தெளிவாத்தான் பேசியிருக்காரு சார்."

நண்பரிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னேன்.

ஜூன் 12

ஸ்கேன். ஏழு புள்ளியில் இரண்டு காணவில்லை. மற்றவை சுருங்கியிருக்கின்றன. வால் கட்டி பாதியாகியிருக்கிறது. டாக்டர் ரெஹானாவின் முகத்தில் கத்தியின் சந்தோஷம்.

கணையத்தின் வால், கூடவே மண்ணீரல், கல்லீரலில் ஒரு துண்டு. அதில் மூன்று புள்ளி போய்விடும். ஆழத்தில் இருக்கும் இரண்டை ஊசியால் சுடுவார்கள். மண்ணீரல் போனால் கிருமியை எதிர்க்கும் சக்தி குறையுமாம். அதற்கு முன்கூட்டியே மூன்று தடுப்பூசி போட்டார்கள். குழந்தைகளோடு வரிசையில் நின்றேன். நான்தான் அதிகம் முகம் சுளித்தேன் என்று செண்பகம் சொல்கிறாள். ஆதாரமில்லை.

ஜூன் 29

நாளை அறுவை. சம்மதப் படிவத்தில் என்னென்ன ஆகலாம் என்று ஒன்றரைப் பக்கம். கடைசி வரியில் இருப்பது கடைசியாகவே ஆவது.

மதி வந்திருந்தாள். மருந்து ஏற்றி ஏழு வாரம் ஆகிவிட்டதால் பக்கத்தில் வரலாம் என்றார்கள். மூன்று வருடத்துக்குப் பிறகு முகத்தைப் பார்க்கிறேன். கன்னம் உப்பியிருக்கிறது. என் நெற்றியில் வளர்ந்த முடியைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினாள், அடக்க முடியாமல் சிரித்தாள். அப்போது சொல்லியிருக்கலாம். பாயசத்தைப் பற்றி. வாய் வரை வந்தது.

சொல்லவில்லை. நாளை நான் பிழைக்காவிட்டால் நல்ல அப்பாவாகச் செத்திருப்பேன். பழியைக் கட்டி ஏற்றுக்கொள்ளும். அதற்கு வேறு என்ன வேலை.

ஜூலை 6

பிழைத்துவிட்டேன்.

ஜூலை 9

வயிற்றில் குழாய் ஒன்று. இருமினால் உயிர் போகிறது. ஆவுடையப்பன் பத்து நாளாகச் சென்னையிலேயே இருக்கிறார். அறுவைக்கு முன்பு இரண்டு பேர் ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார்கள். அவர் வயது காரணமாக வேண்டாம் என்று சொல்லியும் வரிசையில் நின்று, வாங்க மறுத்த ரத்த வங்கி அதிகாரியோடு சண்டை போட்டாராம். என் அறையில் உட்கார்ந்து நாளிதழை உரக்க வாசிக்கிறார். வருடங்களைத் தப்பாகச் சொல்கிறார். திருத்தினால் வயிறு வலிக்கிறது.

கட்டியை ஜாடியில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார்களாம். மூன்று வருட வழக்கை எனக்காக வாதாடாமலே ஜெயித்த வக்கீல் அது. இனி நான் சொல்வதற்கெல்லாம் நான்தான் பொறுப்பு.

ஜூலை 27

பாளையங்கோட்டை. இப்போது சர்க்கரை இருநூறு. இனிப்பு கூடாது என்கிறார்கள். ஐந்து மாதத்துக்கு முன்பு இனிப்பு சாப்பிடாவிட்டால் செத்துப்போவேன் என்றார்கள். மாத்திரையை நிறுத்தியதால் காதில் முடி உதிர்கிறது. எனக்கு அது பழகிவிட்டிருந்தது.

செண்பகம் வெறும் காபி கொடுத்தாள். அதற்காகக் கத்தினேன். குத்திப் பார்த்தாள். நூற்றி அறுபது.

"சந்தோசம். முழுக்க நீங்கதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் குரல் ஏன் அப்படி உடைந்தது என்று தெரியவில்லை. கத்தியவன் நான்.

ஆகஸ்ட் 15

மதிக்கு வரும் இருபத்தெட்டாம் தேதி இங்கேயே மண்டபத்தில் வளைகாப்பு. முடிந்ததும் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறாள். மூன்றாவது லூட்டீஷியம் அக்டோபரில். அதன்பின் நான் கொஞ்ச நாள் லாட்ஜில் இருந்துகொள்வேன். பேசி முடிவாகிவிட்டது.

ஆறு மணிக்கு மதி சொன்னாள். "அப்பா, அன்னைக்கு ஒரு நிமிசம் மைக்ல பேசணும். அது நோயாலதான்னு எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்த சொல்லிருங்க. மாமா சொந்தக்காரங்க இன்னும் முதுகுக்குப் பின்னால சிரிக்காங்க. நீங்க சொல்லிட்டா தீர்ந்தது."

"ம்" என்றேன். இது இரண்டாவது "ம்".

ஆகஸ்ட் 27

உரை எழுதினேன். நாலு வரி. மிக நன்றாக வந்திருக்கிறது. வாசித்துக் காட்டினேன்.

"நல்லாருக்கு" என்றாள் செண்பகம், வெற்றிலையை அடுக்கிக்கொண்டே. "அன்னைக்கு மூணாவது கப்பு பாயசத்த ஒங்களுக்கு ஊத்துனது நாந்தான்."

கையிலிருந்த தாளை மடித்தேன்.

"அப்பமே தெரியுமா?"

"சென்னையில டாக்டரு சொன்ன அன்னைக்கே தெரியும். ஆனா புள்ள பேசணும்லா. நான் பொய் சொன்னேன். நீங்க என்ன சொல்லுதீங்களோ சொல்லுங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

ஆகஸ்ட் 28

இருநூறு பேர். ஏழு வகைச் சாதம். மதி இரண்டு கை நிறைய வளையலோடு நாற்காலியில். ஆவுடையப்பன் தானே மைக்கைச் சரிபார்த்து, ஊதிப் பார்த்து, என் கையில் கொடுத்தார். மண்டபம் அமைதியானது. எல்லோருக்கும் என் கையில் மைக் இருந்த முந்தைய தடவை நினைவிருக்கிறது.

உரை சட்டைப்பையில் இருந்தது. எடுக்கவில்லை.

"மூணு வருசம் முன்னால என் மக கல்யாணத்துல நான் பேசினேன். அது நோய் பேசினதுன்னு சொல்லச் சொன்னாங்க. நோய் எனக்கு இருந்தது நெசம். ஆனா அன்னைக்கு மூணு கப் பாயசம் குடிச்சுட்டுத்தான் மேடை ஏறினேன். என் சர்க்கரை ஒங்க எல்லாரையும்விட நல்லா இருந்தது. பேசினது நான்தான்."

மதி குனிந்து வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சம்பந்தியோட ஆய்வேட்டப் பத்திச் சொன்னதுக்கு எங்கிட்ட ஒரு ஆதாரமும் கெடையாது. இருபது வருசமா அவரு மேல எனக்குப் பொறாமை. அது மட்டுந்தான் இருந்தது. மதி, ஒன் நாள நான் கெடுத்தேன். தெரிஞ்சே கெடுத்தேன். மன்னிச்சுக்கோ. முடியலன்னாலும் சரி."

மைக்கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். மதி நிமிரவில்லை. பிறகு, வளையல் சத்தத்தோடு கை நீண்டது.

"அந்த மைக்க மொதல்ல கீழ வைங்கப்பா. பாத்தாலே பயமா இருக்கு."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மதி சிரிக்கவில்லை, அழுதுகொண்டிருந்தாள். ஆனால் என் விரலைப் பிடித்திருந்தாள், மீட்டரால் குத்திக் குத்திப் புண்ணான விரலை. வலித்தது. எடுக்கவில்லை.

ஆவுடையப்பன் வேகமாக வந்து என்னைக் கட்டிக்கொண்டார். என் தையல் போட்ட வயிற்றைப் பற்றி அவருக்கு அக்கறையில்லை. அவர் தோள் குலுங்கியது. காதுக்குள் சொன்னார்.

"பெரிய மனுசன் வே நீரு. இனிமே ஒம்மகிட்ட மறைக்கக் கூடாது. அந்த நாலாவது அத்தியாயம்... ஒரு ஆறு பக்கம் அந்தப் பயலோடதுதான் வே."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு விலகினார். மைக் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இன்னும் அணைக்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது.

"என்னப்பா? மாமா என்ன சொன்னாவ?" என்றாள் மதி.

"ஒண்ணுமில்லம்மா. சாப்ட வரச் சொன்னாரு" என்றேன்.

ஆறு பக்கம். இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.